பிளஸ் டூ முடித்து சைக்காலஜி: பாளையிலேயே படிப்பதா, நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுவதா?

வீட்டில் ஒரு பெண் "சைக்காலஜி எடுக்கப் போறேன்" என்று சொன்னால் முதலில் வருவது, "ஏட்டி, நான் இப்ப என்ன நெனைக்கேன்னு சொல்லு பாப்போம்" என்பதுதான். அடுத்தது, "முடிச்சா என்ன வேலை?" முதல் கேள்வியைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். இரண்டாவதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் கல்லூரி தேடக் கூடாது. இந்தப் படிப்பில் இளங்கலை என்பது வீட்டுத் திண்ணை மாதிரி. திண்ணையிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலைகளும் உண்டு. உள்ளே போக வேண்டுமென்றால் எந்தத் திண்ணை எந்த வாசலுக்குக் கொண்டுவிடும் என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுவோம்.

மருத்துவமனையில் மனநோயாளிகளைப் பரிசோதித்து, சோதனைகள் நடத்தி, உளச்சிகிச்சை கொடுக்கும் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' ஆக வேண்டுமா? அந்தப் பெயரை நினைத்தவர் எல்லாம் போட்டுக்கொள்ள முடியாது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.-யில், பதிவு வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் யாரை அப்படி அழைக்கலாம் என்று வரையறை கொடுத்திருக்கிறது. இதுவரை வழக்கமாக இருந்த பாதை மூன்று வருட இளங்கலை, இரண்டு வருட முதுகலை, அதன்பின் மருத்துவமனையோடு இணைந்த இரண்டு வருட எம்.பில். மொத்தம் ஏழு வருடம். எம்.பில்.-இல் சேர முதுகலையில் 55 சதவீதம் கேட்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. எம்.பில். பட்டத்தையே 2022 விதிகளில் நிறுத்திவிட்டு, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. ஆர்.சி.ஐ. அதற்குப் பதிலாக நான்கு வருட பி.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி ஆனர்ஸ், அதன்மேல் முதுகலை, அதற்கும் மேல் சை.டி. என்ற முனைவர் நிலைப் பட்டம் என்று புதிய ஏணி போட்டிருக்கிறது. இன்று பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர், அக்காவோ பக்கத்து வீட்டு அண்ணனோ ஏறிய ஏணி அப்படியே தனக்கும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

பள்ளியில், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில், தொண்டு நிறுவனத்தில் ஆலோசகர் வேலை என்றால் கணக்கு வேறு. கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகம் மாதிரியான இடங்களிலிருந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஆலோசகர் வேண்டும் என்று அறிவிப்பு வரும்போது கவனித்துப் படியுங்கள். சமூகப்பணி, சமூகவியல், உளவியல், பொதுச் சுகாதாரம், ஆலோசனை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் பட்டம் என்றுதான் இருக்கும். இந்த வேலைக்கு உளவியல் பட்டமே வேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

மருந்து எழுதிக் கொடுக்கும் மனநல மருத்துவர் ஆக ஆசை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. அது நீட், எம்.பி.பி.எஸ்., அதன்மேல் எம்.டி. இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பம் வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தபால் கதவு மூடியாயிற்று

நம் பக்கத்தில் ரொம்ப நாளாக ஓடிய ஒரு யோசனை உண்டு. பகலில் பி.காம். அல்லது ஆங்கில இலக்கியம், கூடவே தபாலில் சைக்காலஜி. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யூ.ஜி.சி. 2022-இல் அனுமதித்த பிறகு இது இன்னும் பரவியது. உள்ளூரிலேயே இருக்கலாம், செலவு குறைவு, இரண்டு சான்றிதழ் கிடைக்கும்.

அந்த வழி இப்போது இல்லை. 2021-ஆம் ஆண்டுத் தேசியத் துணை மருத்துவத் தொழில் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யூ.ஜி.சி. தடை போட்டுவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து இது அமலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உளவியலும் இருக்கிறது. நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு ஊட்டச்சத்து ஆகியவையும் கூடவே மாட்டின. பல பாடங்களில் ஒன்றாக உளவியலை எடுக்கும் பி.ஏ.-வாக இருந்தால் அந்த உளவியல் பிரிவு மட்டும் நீங்கும், மற்றவை தொடரும். அதற்கு முன்பே சேர்ந்து படித்துக்கொண்டிருப்பவர்கள் பதற வேண்டாம். தடை புதிய சேர்க்கைக்குத்தான்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. அந்தச் சட்டம் நலப்பணித் தொழிலருக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு என்று பேசுகிறது. தபாலில் வரும் புத்தகத்தாலும் ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்பாலும் அந்த மணிக்கணக்கை நிரப்ப முடியாது. ஆனாலும் ஜங்ஷன் பக்கம் "எந்த வயதினரும் வீட்டிலிருந்தே சைக்காலஜி டிகிரி" என்று யாராவது நோட்டீஸ் நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் யூ.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரே அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லை என்றால் கட்டும் பணம் ஆற்றில் கரைத்த புளிதான்.

மூன்று வருடத்தில் உண்மையில் என்ன கேட்பார்கள்

சேர்வதற்குத் தகுதி எளிது. தமிழகத்தில் பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தக் குரூப்பும் போதும், உயிரியல் கட்டாயமில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர் பெரும்பாலும் உளவியலைப் பாடமாகப் பார்த்தே இருக்க மாட்டார். சி.பி.எஸ்.இ.-யில் அது 037 என்ற எண்ணுள்ள பாடம், எழுத்து 70, செய்முறை 30. அதைப் படித்தவருக்கு முதல் செமஸ்டர் கொஞ்சம் இலகு, அவ்வளவே.

அரசுக் கலைக் கல்லூரி என்றால் டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளம் வழியாக மே மாதத்தில் பதிய வேண்டும். தரவரிசை மொழிப் பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத்தான். தமிழில் 98 வாங்கியது இங்கே உதவாது. அரசு உதவி பெறும் கல்லூரிகளும் சுயநிதிக் கல்லூரிகளும் தனித்தனி விண்ணப்பம் வைத்திருக்கும்.

பாடத்திட்டம் ஐந்து பகுதியாக இருக்கும். பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்று முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், நான்கு திறன் பாடங்களும் சுற்றுச்சூழலும், ஐந்து என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணி. எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 140 கிரெடிட். எழுத்துத் தாளில் உள்மதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75, தேர்ச்சிக்கு 40. வருகைப்பதிவு 75 சதவீதம். பகுதி ஐந்தை "அது சும்மா" என்று விட்டவர்கள் கடைசி வருடம் பட்டச் சான்றிதழுக்கு அலைவது வருடந்தோறும் நடப்பது.

முதன்மைப் பாடத்தில் பொது உளவியல், உயிரியல் உளவியல், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், ஆளுமை, மனக்கோளாறுகளைப் பற்றிய பிறழ்நிலை உளவியல், ஆலோசனை, நிறுவன நடத்தை ஆகியவை வரும். பிள்ளைகள் எதிர்பார்த்து வருவது பிறழ்நிலை உளவியலை. தடுக்கி விழுவது இரண்டு இடத்தில்: புள்ளியியல், செய்முறை.

புள்ளியியலை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் பத்துப் பேரின் தூக்க நேரத்தையும் மதிப்பெண்ணையும் வரிசைப்படுத்தி, இரண்டு வரிசைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கச் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் இரு வரிசை எண்களின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 66 வருகிறது என்று வையுங்கள். அதை 6-ஆல் பெருக்க 396. பத்துப் பேருக்கு வகுக்க வேண்டிய எண் பத்துப் பெருக்கல் தொண்ணூற்றொன்பது, அதாவது 990. வகுத்தால் 0.4. ஒன்றிலிருந்து கழித்தால் 0.6, இதுதான் தொடர்பின் அளவு. கணக்கு இவ்வளவுதான், பத்தாம் வகுப்பு கணிதம் தெரிந்தவர் போட்டுவிடலாம். விழுவது அடுத்த வரியில். 0.6 பெரிதாகத் தெரிவதால் "தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டு" என்று எழுதிவிடுவார்கள். அட்டவணையைத் திறந்தால் பத்துப் பேர் கொண்ட கூட்டத்துக்கு இது தற்செயல் இல்லை என்று சொல்ல, 5 சதவீத நிலையில் இருபக்கச் சோதனைக்கு 0.648 தாண்ட வேண்டும். தாண்டவில்லை. ஆகவே இந்தத் தரவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இந்த அடக்கத்தைக் கற்றுக்கொடுக்கத்தான் அந்தத் தாளே இருக்கிறது. கணிதம் வேண்டாமென்று கலைப் பிரிவுக்கு ஓடி வந்தவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

செய்முறை இன்னும் சுவாரசியம். கண்ணாடி பார்த்து வரையும் சோதனை எல்லா ஆய்வகத்திலும் உண்டு. இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம் ஒன்று, எதிரே நிமிர்ந்து நிற்கும் கண்ணாடி, கை நேராகத் தெரியாதபடி நடுவில் ஒரு மறைப்பு. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்டிச் சுற்றி வர வேண்டும். முதலில் இடது கையால் ஒரு முறை. பிறகு வலது கையால் பத்து முறை. கடைசியாக மறுபடி இடது கையால். ஒவ்வொரு முறைக்கும் எத்தனை விநாடி, பென்சில் எத்தனை முறை கோட்டைத் தாண்டியது என்று குறிக்க வேண்டும். வலது கை பழகப் பழக, பழகாத இடது கையும் தேறியிருக்கும். ஒரு கையின் கற்றல் மறு கைக்குப் போகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

கெட்டுப்போகும் இடங்கள் எப்போதும் ஒன்றே. ஏற்கனவே இந்தச் சோதனையைச் செய்த தோழியையே மறுபடி உட்கார வைப்பது ஒன்று. அவளுக்கு இடது கை முதல் முறையே நன்றாக வரும், முன்னேற்றம் தெரியாது. மறைப்புக்கு மேலே எட்டிப் பார்க்க விடுவதும், பத்து முறையையும் இடைவெளி இல்லாமல் ஓட்டிக் கை சோர்ந்து எட்டாவது முறையிலிருந்து நேரம் கூடுவதும் மற்றவை. இதைவிட மோசம், முந்தைய வருட மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எண்களை எழுதுவது. உண்மையான தரவு ஒழுங்காக இறங்காது, நடுவில் ஏறி இறங்கும். படிக்கட்டு போல அழகாக இறங்கும் அட்டவணையைப் பார்த்ததுமே வெளித்தேர்வாளர், "சோதனைக்கு உட்கார்ந்தவர் அகநோக்கு அறிக்கையில் என்ன சொன்னார்?" என்று கேட்பார். செய்யும்போது தன் மனதில் பட்டதை அவரே சொல்வதுதான் அந்த அறிக்கை. செய்யாதவருக்குப் பதில் வராது.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தகமும் வகுப்பும் பெரும்பாலும் ஆங்கிலம். முதல் செமஸ்டரிலேயே புலனுணர்வு, புலன்காட்சி, மனவெழுச்சி, ஊக்கம் என்று இரண்டு பத்தி போட்டுச் சொல்லேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். புலனுணர்வுக்கும் புலன்காட்சிக்கும் உள்ள வித்தியாசம் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததைவிடத் தமிழில் சட்டென்று பிடிபடும்.

இனி, எங்கே படிப்பது

முதல் வழி உள்ளூர். 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகள் வருகின்றன. பி.காம். இல்லாத கல்லூரியைத் தேடத்தான் வேண்டும். பி.எஸ்சி. சைக்காலஜி உள்ள கல்லூரியையும் அதே மாதிரி தேடத்தான் வேண்டும். இருப்பவையும் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில், புதிதாகத் தொடங்கியவை. வள்ளியூரிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ பஸ்ஸில் வந்து போகலாம், விடுதிச் செலவு இல்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். ரெகுலர் கல்லூரிக்கு மட்டுமே அது கிடைக்கும். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் அதில் ஏறக்குறைய அடங்கிவிடும்.

உள்ளூர்ப் புதுத் துறையின் பலவீனம் ஆசிரியரும் ஆய்வகமும். சமூகப்பணி படித்தவரோ கல்வியியல் படித்தவரோ உளவியல் தாள் எடுப்பது நடக்கிறது. பெயருக்கு ஓர் அலமாரி, உள்ளே இரண்டு ஸ்டாப்வாட்ச் என்றால் மேலே சொன்ன செய்முறை எதுவும் நடக்காது. நோட்டு மட்டும் நிரம்பும்.

இரண்டாவது வழி ரயில். சென்னை மாநிலக் கல்லூரி, பெண்களுக்கு மகளிர் கிறித்தவக் கல்லூரி என்று நெடுநாள் உளவியல் துறை உள்ள இடங்கள் இருக்கின்றன. மாநிலக் கல்லூரி அரசுக் கல்லூரி என்பதால் கல்விக் கட்டணம் சுமையே இல்லை, சுமை முழுவதும் தங்குமிடமும் சாப்பாடும்தான். அதற்குப் பதிலாக, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் போன்ற இடங்களைப் பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பும் பழைய துறையின் நூலகமும் கிடைக்கும். கட் ஆஃப் மட்டும் அங்கே ஏறும். நான்கு பாடத்தில் சுமாரான மதிப்பெண் வைத்துக்கொண்டு சென்னையை மட்டும் நம்பி உள்ளூர் விண்ணப்பத்தை விட்டுவிடுவது புத்திசாலித்தனம் இல்லை.

மூன்றாவது வழியை நெல்லையில் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். உள்ளூரில் வேறொரு நல்ல பட்டம் படித்துவிட்டு, முதுகலையில் உளவியலுக்குப் போவது. சில பல்கலைக்கழகங்கள் எம்.எஸ்சி.-க்கு எந்தப் பட்டத்தையும் ஏற்கின்றன, சில இளங்கலையிலும் உளவியல் கேட்கின்றன. எந்தப் பட்டம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாளையில் தூய சவேரியார், சாராள் தக்கர் மாதிரிப் பழைய கல்லூரிகளில் விலங்கியல் படித்தால் நரம்பு மண்டலமும் ஆய்வக ஒழுக்கமும் கைக்கு வந்துவிடும். சமூகப்பணி படித்தால் களப்பணி வந்துவிடும். பி.காம். படித்துவிட்டு வருகிறவர் முதுகலை முதல் செமஸ்டரில் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் முதுகலை நுழைவுத் தேர்வில் உளவியல் தாள் இளங்கலைப் பாடத்தையே கேட்கும். ஆகவே மூன்றாம் வருடம் முழுவதும் மாலையில் தனியாகப் பொது உளவியலும் புள்ளியியலும் படிக்கத் தயார் என்றால் மட்டும் இந்த வழி. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் புதுவைப் பல்கலைக்கழகமும் பயன்பாட்டு உளவியல் முதுகலை நடத்துகின்றன. நம்மூர்ப் பிள்ளைக்கு எட்டும் தூரம்தான்.

நான்காவது, ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்ற நான்கு வருட கிளினிக்கல் சைக்காலஜி ஆனர்ஸ். கிளினிக்தான் என்று உறுதியாக இருப்பவருக்கு இது நேர்வழி. ஆனால் பெயரில் 'கிளினிக்கல்' என்று இருப்பதெல்லாம் ஆர்.சி.ஐ. படிப்பு இல்லை. "பி.எஸ்சி. சைக்காலஜி, கிளினிக்கல் ஸ்பெஷலைசேஷன்" என்று விளம்பரம் செய்யும் மூன்று வருடப் படிப்பு வேறு, இது வேறு. ஆர்.சி.ஐ. தன் இணையதளத்தில் கல்லூரி வாரியாக, படிப்பு வாரியாக, எந்த வருடம் வரை அனுமதி என்று பட்டியல் வைத்திருக்கிறது. அதில் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, நீங்கள் சேரும் ஆண்டு மூன்றும் பொருந்த வேண்டும். பதினேழு வயதில் இவ்வளவு உறுதி எல்லோருக்கும் இருக்காது என்பதுதான் இதன் ஒரே தயக்கம். நடுவில் மனம் மாறினால் ஒரு வருடம் கூடுதல்.

இந்த நான்குக்கும் பக்கவாட்டில் குற்றவியல், சிறப்புக் கல்வி என்று இரண்டு கதவுகள் உண்டு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை நாடறிந்தது. சிறையிலும் சிறார் இல்லத்திலும் மனித நடத்தையைப் படிக்க விரும்புகிறவர் முதுகலைக்கு அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டியைத் தாண்டவே வேண்டாம். மாற்றுத்திறன் குழந்தைகளோடு வேலை செய்ய ஆசை என்றால் சிறப்புக் கல்வியும் ஆர்.சி.ஐ. பதிவு தரும் துறையே. காது கேளாதோருக்கான பாளை பிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளியும் தென்காசி ஆய்க்குடி அமர் சேவா சங்கமும் இருக்கும் மண்ணில், அந்த வேலை எப்படி இருக்கும் என்று சேர்வதற்கு முன்பே ஒரு நாள் அனுமதி கேட்டுப் போய்ப் பார்த்துவிடலாம்.

எங்கள் தீர்ப்பு இது. கிளினிக்தான் என்று உறுதி இருந்தால் ஆர்.சி.ஐ. நான்கு வருடம், அது கிடைக்காவிட்டால் ஆய்வகமுள்ள பழைய துறை, வெளியூராக இருந்தாலும். ஆலோசகர், பள்ளி, தொண்டு நிறுவனம் என்றால் வெளியூர் விடுதிக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை, உள்ளூர் உளவியலோ சமூகப்பணியோ தாராளம். இன்னும் முடிவு எடுக்கவில்லை என்றால் மூன்றாவது வழி. பணம் நெருக்கடியான வீட்டில் மூன்றாவது வழி எப்போதுமே பாதுகாப்பு. இளங்கலையோடு நின்றாலும் அந்தப் பட்டத்துக்கு உள்ளூரில் ஒரு மதிப்பு இருக்கும்.

கல்லூரியில் கேட்க வேண்டியவை

விண்ணப்பம் வாங்கும் கவுண்டரில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "இருக்கு" என்று பதில் வரும். துறைக்குப் போய்க் கேளுங்கள். உளவியலில் முதுகலை முடித்த ஆசிரியர்கள் எத்தனை பேர்? ஆய்வகத்தைப் பார்க்கலாமா? உள்ளே முல்லர்-லயர் பலகை, கண்ணாடி வரைதல் கருவி, விரல் திறன் பலகை, ராவன் அணிக்கோவைச் சோதனை, பாட்டியா நுண்ணறிவுத் தொகுப்பு ஆகியவை கண்ணுக்குத் தெரிகின்றனவா? பெட்டி உறை பிரிக்காமல் இருந்தால் அதுவும் ஒரு பதில்தான். மூன்றாம் வருட மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். பக்கத்துப் பக்கத்து நோட்டுகளில் ஒரே எண்கள் இருந்தால் அங்கே செய்முறை எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும். முதல் குழு வெளியே போயிருந்தால் அதில் எத்தனை பேர் எங்கே முதுகலை சேர்ந்தார்கள் என்றும் கேளுங்கள்.

பல இடத்தில் விண்ணப்பித்து, முதலில் கிடைத்த இடத்தில் பணம் கட்டிவிட்டு, பிறகு நல்ல இடம் கிடைக்கும்போது மாறத் தயங்குகிறார்கள். யூ.ஜி.சி. 2018-இல் போட்ட விதிப்படி, கல்லூரி அறிவித்த சேர்க்கைக் கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கும் மேலோ முன்பே விலகினால் கட்டிய கட்டணம் முழுவதும் திரும்ப வரும். அதில் கல்லூரி தன் செலவுக்கு 5 சதவீதம் வரை பிடிக்கலாம், அதுவும் ஐந்தாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. கடைசி நாளுக்கு முந்தைய பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாள் தாண்டிப் பதினைந்து நாள் வரை 80, பதினாறாம் நாளிலிருந்து முப்பதாம் நாள் வரை 50, அதன்பின் ஒன்றும் இல்லை. அசல் மதிப்பெண் சான்றிதழையும் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். மாறுவதாக முடிவு செய்த அன்றே விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, அதன் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவது அந்தத் தேதியை வைத்துத்தான்.